வளையலின் அளவு விரல் மூட்டில் இருக்கிறது

தங்க வளையல் வாங்கும்போது பலரும் மணிக்கட்டைப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்கிறார்கள். வாய் திறக்காத மூடிய வளையல் தாண்டியாக வேண்டிய இடமோ விரல் மூட்டுகள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மூட்டுகளின் அகலமான இடத்தை நூலால் சுற்றி அளக்க வேண்டும். 19 செ.மீ. வந்தால், 3.14ஆல் வகுக்க, விட்டம் 6 செ.மீ.க்குச் சற்று மேல். கடையில் இதை 'ரெண்டு ஆறு' என்பார்கள்: இரண்டு அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு. தசம எண்ணாக வாசித்தால் குழப்பம்தான், 2.10 என்பது 2.8ஐவிடப் பெரிய வளையல். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் விட்டத்தில் 3 மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். அந்த 3 மி.மீ.க்காகத்தான் சோப்பு நுரை போட்டு, தோல் சிவக்கச் சிவக்க ஏற்றுகிறார்கள்.

சிரமப்பட்டு ஏற்றினால்தான் கையோடு கையாக நிற்கும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. மூட்டைத் தாண்டியபின் எந்த மூடிய வளையலும் மணிக்கட்டில் ஓரளவு தளர்வாகத்தான் கிடக்கும். இறுக்கத்தால் கிடைப்பது கழற்ற முடியாத நிலை மட்டுமே. கை என்றைக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கர்ப்பகாலத்தில் வீங்குகிறது, மூட்டுவாதத்தில் புடைக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். கழலாத வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் அடுக்கும்போதும் ஓர் அளவு பெரிதாகவே வாங்குவது நல்லது. இறுகிய கண்ணாடி உடைந்தால் கையைக் கிழித்துவிடும்.

ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கெட்டியான வெற்று வளையலைத் தட்டிச் சற்று விரிக்கலாம். அதற்கேற்பத் தகடு மெலியும். உள்ளே கூடாக இருப்பது நசுங்கிவிடும், கல் பதித்ததில் கல் அசையும். வெட்டி, துண்டு சேர்த்துப் பற்றவைத்தால் கூடுதல் தங்கத்துக்கும் கூலிக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஆகவே தினசரிப் புழக்கத்துக்குத் திருகு வைத்த வளையலே சிறந்தது. திருகு கழன்று வளையல் தொலைந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மரையை அவ்வப்போது சோதித்து, பாதுகாப்புச் சங்கிலி ஒன்றையும் கோத்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கழலாத வளையலுக்கு அப்படி ஒரு மாற்றுவழி கிடையாது.

பிரேஸ்லெட்டுக்குத்தான் மணிக்கட்டு அளவு பொருந்தும். சுற்றளவோடு 1 முதல் 1.5 செ.மீ. கூட்டினால் போதும், ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். வாங்கும்போதே கொக்கிப் பக்கம் இரண்டு மூன்று வளையங்களைக் கூடுதலாக வைக்கச் சொன்னால், கை பருத்தாலும் மெலிந்தாலும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.