தடுப்பூசியைத் தேர்ந்தெடுப்பது யார், வாங்குவது யார்?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, மூன்றரைக் கோடி டோஸ் தடுப்பூசிக்குத் தமிழ்நாடு அரசு உலகளாவிய டெண்டர் விட்டது. கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. பஞ்சாப் அரசு மாடர்னாவை நேரடியாகக் கேட்டுப் பார்த்தது. மத்திய அரசோடுதான் பேசுவோம் என்று அந்த நிறுவனம் கைவிரித்துவிட்டது. உள்நாட்டிலோ கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 ரூபாய். மாநிலங்களையே வாங்கச் சொன்ன இந்தக் கொள்கை தன்னிச்சையானதாகத் தெரிகிறது என்று உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஜூன் 21 முதல் உற்பத்தியில் 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது.

குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் இந்தக் குழப்பம் கிடையாது. தேசியத் திட்டத்துக்கானவற்றை மத்திய அரசே கொள்முதல் செய்கிறது. ஆனால் எதை வாங்குவது என்பது எப்படி முடிவாகிறது? மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உரிமம் கிடைத்தால் அந்த ஊசியை விற்கலாம், அவ்வளவுதான். திட்டத்தில் சேர்க்கலாமா என்று பரிந்துரைப்பது 2001-ல் அமைக்கப்பட்ட தேசிய தடுப்பூசித் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. நோயின் பாரம், பாதுகாப்பு, விலை, தேவையான அளவு தயாரிக்க முடியுமா என்பதையெல்லாம் அது பார்க்கிறது. தனியார் டாக்டர் எழுதித்தரும் சில ஊசிகள் அரசு அட்டவணையில் இல்லாததற்கு இதுவே காரணம். அவை தேவையில்லை என்று அர்த்தமில்லை.

இருப்பும் முடிவை மாற்றும். 2016-ல் போலியோ ஊசிக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. தசையில் 0.5 மில்லி போடுவதற்குப் பதில், தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு தவணை போடும் முறையை இந்தியா கையில் எடுத்தது. கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முழு டோஸைவிட இரண்டு சிறு டோஸ்கள் நல்ல எதிர்ப்பாற்றலைத் தருவதாக ஆய்வுகள் சொல்லியிருந்தன.

எனக்குக் கவலை தருவது வேறு. டெண்டரில் தரத் தகுதி பார்த்த பிறகு விலைதான் பேசும். அது சரிதான், மக்கள் பணம். ஆனால் தயாரிப்பாளர்கள் ஓரிருவராகக் குறைந்தால், ஒரு தொழிற்சாலை நின்றாலும் ஊர் ஊராக ஊசி இருக்காது. 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய இடங்களில் இருந்த மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தையும் தரக் குறைபாட்டைக் காட்டி ஒரே வீச்சில் நிறுத்திவைத்தார்கள். தடை நீங்க 2010 ஆனது. குறையைச் சரிசெய்யச் சொல்வது நியாயம். மாற்று ஏற்பாட்டை உறுதிசெய்யாமல் மூன்றையும் சேர்த்து மூடியது நியாயமாகத் தெரியவில்லை.

சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்கு என்ன உரிமை? அட்டவணையில் உள்ள ஊசிக்குக் காசு கேட்கக்கூடாது. குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், நர்ஸம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். லேபிளிலோ மூடியிலோ வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ சூடு பட்டிருக்கிறது, போடக்கூடாது. தட்டம்மை–ரூபெல்லா ஊசி மருந்தைக் கலந்து நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

பிறகு குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வந்தால், முதலில் ஆஸ்பத்திரி. அடுத்து, தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிலைய மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பக்கவிளைவுகளை ஆராயும் மாவட்ட, மாநிலக் குழுக்கள் அதை விசாரித்தாக வேண்டும். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று சொன்ன 2022 மே மாதத் தீர்ப்பில், பக்கவிளைவு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உங்கள் ஊரில் ஒரு ஊசி மாதக்கணக்கில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். எத்தனை டோஸ் கேட்கப்பட்டது, எத்தனை வந்தது, யாரிடம் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம் என்று சொல்லும் 8(1)(டி) பிரிவைச் சுட்டிக்காட்டி அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.