டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!

எட்டயபுரம் கரிசலில் கம்பும் பாசிப்பயறும் விளைகின்றன. ஆனாலும் பல வீடுகளில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் டப்பா மாவுதான்.

அதில் சர்க்கரை எவ்வளவு? இந்தியாவில் விற்ற செர்லாக்கில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாக, 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு சொன்னது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்றதில் அது இல்லை! விதிகளை மீறவில்லை என்ற நெஸ்லே, அதே ஆண்டிலேயே சர்க்கரை சேர்க்காத வகைகளை அறிவித்தது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே கூடாது என்கிறது இந்தியச் சட்டம். எனவே டப்பா வாங்கினால், பின்பக்கத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' அளவைப் பாருங்கள்.

கம்பு, பாசிப்பயறை வறுத்து, நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சலாம். தாய்ப்பாலும் தொடரட்டும். கருப்பட்டியும் வேண்டாம் தாய்மார்களே. இனிப்புக்குப் பழகிய நாக்குக்குக் கஞ்சி ருசிக்காது!