குழாயைத் தின்னும் தண்ணீர்

கொழும்பில் குழாய் ஒழுகினால் பெரும்பாலும் ஒரு வாஷரோடு வேலை முடிந்துவிடும். அங்கே வருவது களனி ஆற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்திலோ வாஷரை மாற்றப் போனவர் முழுக் குழாயையும் கழற்றிப் போடச் சொல்கிறார். கூலி கூடக் கேட்கிறார் என்று அவர்மீது கோபிக்குமுன், நம் காலடியில் இருப்பதைச் சற்றுப் பாருங்கள்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டே கிணற்றில் ஊறுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் குழாயின் தொண்டையையும் அடைக்கிறது. இறுகிய குழாயைப் பலங்கொண்டு திருப்பினால் மரை உடையும். ஐந்து வேளையும் வுழூச் செய்யத் திறக்கும் குழாய்தான் முதலில் போகும். சகோதரிகளே, மாதம் ஒருமுறை குழாய் முனையின் வலையைக் கழற்றி ஒரு மணி நேரம் வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். செலவு அற்பம்தான்.

கரையோரத்திலும் தீவகத்திலும் சுண்ணாம்போடு உப்பும் சேர்கிறது. இரும்புப் பைப் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அங்கே பிளாஸ்டிக் பைப்பே நல்லது.

நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். குடாநாட்டின் அடியிலும் நன்னீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 15 லீற்றருக்கு மேல் வீணாக்கும். அதற்காக மோட்டரும் கூட ஓட வேண்டும்.

1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் 2002க்குப் பின்னும் 2009க்குப் பின்னும் சோனகத் தெருப் பக்கம் திரும்பியபோது, பலருக்கு மிஞ்சியிருந்தது வெறுஞ்சுவர்தான். அடியிலிருந்து கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைப்பைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். பார்வைக்கு அழகில்லைதான், ஆனால் அடைப்பெடுக்க டைல்ஸ் உடைக்கும் செலவு மிச்சம். நிலத்தில் புதைப்பதானாலும், பல இடங்களில் ஓரிரு அடியிலேயே பாறை தட்டும். கல்லுடைக்கும் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பைப்பைக் கிணற்றுப் பைப்போடு இணைக்க வேண்டாம். கிணற்று நீர் ஊர்ப் பைப்புக்குள் போய்விடலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்போதும் அது சுற்றினால், ஒழுக்கு எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.