கை கோத்து நடக்க ஒரு கடற்கரை: சிட்ஜஸ் பயணத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

“கை கோத்துக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு கடற்கரை வேணும். வேறொண்டும் வேண்டாம்.”

பாரிஸில் வசிக்கும் என் பல்கலைக்கழக நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய குரல் பதிவு இது. அவனும் அவனுடைய துணைவரும் நான்கு வருடங்களாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் மட்டக்களப்பு. வீட்டாருக்குத் தெரிந்தவரை அவர்கள் ‘ரூம் மேட்’. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் வீதியில் சாமான் வாங்கப் போனால், ஒருவர் முன்னாலும் மற்றவர் பத்தடி பின்னாலும் நடப்பார்கள். பிரான்ஸில் சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. மாமாவின் நண்பர், சித்தியின் அயலவர் என்று யாராவது கடை வாசலில் நிற்பார் என்ற பயம்தான் தடுக்கிறது.

நான் ஒரு ஊடகப் பயிற்சிக்காக பார்சிலோனா போகவிருந்தேன். பயிற்சி முடிந்ததும் மூவருமாக நான்கு நாட்கள் எங்காவது தங்கலாம் என்று முடிவானது. அந்த நான்கு நாட்களுக்காக நாங்கள் சேர்த்த தகவல்களும், அங்கே போன பிறகு கற்றுக்கொண்டவையும் இன்னொருவருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் சிட்ஜஸ்?

சிட்ஜஸ், ஸ்பெயினின் கத்தலோனியாவில், பார்சிலோனாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சிறு கடற்கரை நகரம். 1890களில் ஓவியரும் எழுத்தாளருமான சந்தியாகோ ருசினியோல் இங்கே வந்து குடியேறினார். அவரைச் சுற்றி கலைஞர்கள் கூடினார்கள். அவருடைய வீடான ‘காவ் ஃபெராட்’ இன்று அருங்காட்சியகம். வெளியூர்க்காரர்களும் சற்று வித்தியாசமாக வாழ்பவர்களும் வந்து போவது அந்த ஊருக்கு அப்போதே பழகிவிட்டது.

பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில், 1960களில் ஐரோப்பிய உல்லாசப் பயணிகள் பெருமளவில் வரத் தொடங்கியபோது, நாட்டின் ஏனைய இடங்களில் கிடைக்காத ஒரு மூச்சு விடும் இடம் இங்கே உருவானது. இன்று எல்.ஜி.பி.ரி.கியூ. பயணிகள் அதிகம் நாடும் ஐரோப்பிய ஊர்களில் இதுவும் ஒன்று. அதேவேளை இது குடும்பங்கள் வாழும் ஊர். மாலையில் அப்பம்மாமார் பேரப்பிள்ளைகளோடு கடற்கரை நடைபாதையில் உலாவுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆண்கள் கை கோத்துப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் நண்பன் கேட்டதும் இதைத்தான்.

எப்போது, எந்தக் கடதாசிகளோடு?

‘அமைதியாக இருக்க வேண்டும்’ என்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பெப்ரவரி அல்லது மார்ச்சில் களியாட்டத் திருவிழா. ஜூனில் பிரைட் ஊர்வலம். ஓகஸ்ட் 24ஐ ஒட்டி ஊரின் பெருவிழா. செப்டெம்பர் தொடக்கத்தில் ‘பெயார்ஸ்’ எனப்படும் ஆண்களின் வாரம். ஒக்டோபரில் 1968 முதல் நடந்துவரும் திரைப்பட விழா. இந்த நாட்களில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஆனால் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். நாங்கள் தேர்ந்தெடுத்தது செப்டெம்பர் கடைசி வாரம். கோடை முழுக்கச் சூடான கடல் இன்னும் இதமாக இருந்தது. கூட்டம் குறைந்திருந்தது.

அடுத்தது கடதாசி விடயம். எங்கள் ஆட்களுக்கு உல்லாசப் பயணத்தின் பாதி இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு ஷெங்கன் வீசா வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் தேவை. பிரான்ஸில் அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் தங்கள் வதிவிட அட்டையையும் அகதிகளுக்கான பயண ஆவணத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். எல்லைச் சாவடி இல்லையென்றாலும், பிரான்ஸ் - ஸ்பெயின் எல்லையில் பொலிஸார் ரயிலில் ஏறிப் பார்ப்பதுண்டு. அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. விண்ணப்பதாரர் என்ற கடதாசி மட்டும் இன்னொரு நாட்டுக்குப் போகும் உரிமையைத் தராது.

பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி அதிவேக ரயில் இருக்கிறது; ஏழு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். பார்சிலோனாவின் சான்ட்ஸ் நிலையத்திலிருந்து ‘ஆர் 2 தெற்கு’ என்ற உள்ளூர் ரயில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சிட்ஜஸில் இறக்கிவிடும். சான்ட்ஸில் பைகளை மார்போடு வைத்துக்கொள்ளுங்கள், பிக்பொக்கற்காரர்கள் அதிகம்.

அறை பதியும்போது என் நண்பன் ‘இரண்டு தனிக் கட்டில்’ என்ற பெட்டியில் அடையாளமிட்டான். பழக்கதோஷம். பிறகு அழித்துவிட்டு ‘ஒரு கட்டில்’ என்று மாற்றினான். ஸ்பெயினில் 2005 ஜூலை முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணம் செய்யலாம். உலகில் இதைச் செய்த மூன்றாவது நாடு அது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் இருவருடைய ஆவணங்களையும் பதிந்துவிட்டுத் திறப்பை நீட்டினார். “காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு” என்றார். என் நண்பன் இன்னும் ஏதோ கேள்வி வரும் என்று காத்துக்கொண்டு நின்றான். வரவில்லை.

எந்தக் கடற்கரை?

சிட்ஜஸில் பதினைந்துக்கும் மேற்பட்ட சிறு கடற்கரைகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று.

ஊரின் நடுவே, நடைபாதையை ஒட்டி இருப்பது பாசா ரொடோனா. ஒருபாலீர்ப்பாளர்கள் அதிகம் கூடும் இடம். பெரும்பாலும் நீச்சலுடையோடுதான் இருப்பார்கள். முதன்முறை போகிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

தேவாலய முனைக்கு அப்பால், கிழக்கே அய்குவாடோல்ஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில் பல்மின்ஸ் இருக்கிறது. பாறைகளுக்கிடையே உள்ள சிறு குடாக்கள். இங்கே உடை கட்டாயமில்லை. உடையில்லாமல் இருப்பவர்கள், பாதி உடையோடு இருப்பவர்கள், முழு நீச்சலுடையில் இருப்பவர்கள், ஆண் சோடிகள், பெண் சோடிகள், பிள்ளைகளோடு வந்தவர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். எங்கள் நான்கு நாட்களில் மூன்று இங்கேயே கழிந்தன.

மூன்றாவது, மேற்குக் கோடிக்கும் அப்பால், ரயில் பாதையை ஒட்டிய கரடுமுரடான வழியில் நீண்ட நேரம் நடந்து போக வேண்டிய ‘இறந்த மனிதனின் கடற்கரை’. உடையில்லாத ஆண்கள் கூடும் இடம் என்று பல தசாப்தங்களாக அறியப்பட்டது. துணை தேடி வருபவர்களும் உண்டு. கடை கண்ணி இல்லை. தண்ணீர் கொண்டுபோக வேண்டும். ஓய்வுதான் நோக்கம் என்றால் பல்மின்ஸே போதும்.

உடையில்லாமல் இருப்பது சட்டவிரோதமில்லையா என்று பலர் கேட்பார்கள். ‘பொது ஒழுக்கக்கேடு’ என்ற குற்றத்தை ஸ்பெயின் 1988இல் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கியது. அதன் பிறகு வெறுமனே நிர்வாணமாக இருப்பது அங்கே குற்றமல்ல. ஆனால் நகரசபைகள் தங்கள் எல்லைக்குள் விதி போடலாம். பார்சிலோனா 2011இல் வீதிகளில் நிர்வாணத்தைத் தடைசெய்தது. எனவே பாதுகாப்பான வழக்கம் இதுதான்: உடை மணலில் மட்டும் விருப்பத்துக்குரியது, படியேறி வீதிக்கு வரும்போது சட்டையும் சாரமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதப்படாத விதிகள்

‘உடை கட்டாயமில்லை’ என்பதை எங்கள் ஆட்கள் ‘உடை இருக்கக்கூடாது’ என்று விளங்கிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். மூன்று நாளும் நான் நீச்சலுடையோடுதான் இருந்தேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நண்பனின் துணைவர் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கடலுக்குள் இறங்கினார். நண்பனுக்கு மூன்றாம் நாள் பின்னேரம் வரை துணிவு வரவில்லை. வயிறு, கறுப்பு நிறம், சிறுவயதில் செல் சிதறல் பட்டு முதுகில் வந்த தழும்பு என்று அவனிடம் காரணங்கள் இருந்தன. அன்று கழற்றியபோதும் எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எழுபது வயது மதிக்கத்தக்க தம்பதியினர் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அலட்டிக்கொள்ளாமை சில வழக்கங்களால் காக்கப்படுகிறது. எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் துவாயை விரித்து உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். இடமிருந்தால் மற்றவர்களிடமிருந்து சில அடி தள்ளியே துவாயை விரியுங்கள். ஒருவர் உடையில்லாமல் இருப்பது உங்களோடு பேசவோ பழகவோ விருப்பம் என்பதற்கான அடையாளமல்ல. குடும்பங்களும் வரும் கடற்கரையில் பாலியல் நடத்தைக்கு இடமில்லை. பிள்ளைகள் முன்னிலையில் அது அங்கேயும் குற்றம். கறுத்தத் தோல் வெயிலில் எரியாது என்று நம்பாதீர்கள். ஒருநாளும் வெயில் படாத இடங்களுக்குத்தான் கிறீம் அதிகம் தேவை. மூவரும் ஒன்றாகக் குளிக்கப் போகாமல், ஒருவர் பைகளுக்குக் காவலிருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி: படம் எடுக்காதீர்கள். கடலைப் படமெடுப்பதாக நினைத்துக் கமராவை உயர்த்தினாலும், சட்டத்துக்குள் யாராவது விழுவார்கள்.

கைபேசி என்ற சொந்தக்காரர்

அந்த விதி எங்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் அவசியமாக இருந்தது. ஒரு படம் பல்மின்ஸிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போக மூன்று விநாடி போதும். கிளம்புவதற்கு முன் மூவரும் பாரிஸ் வீட்டில் இருந்து ஒரு பட்டியல் போட்டோம். இருப்பிடத்தைப் பகிரும் வசதியை நிறுத்துவது. படங்கள் தானாகப் பதிவேற்றப்படும் கணக்கு, தம்பியோடோ தங்கையோடோ பகிரப்பட்டதா என்று பார்ப்பது. ஊர் திரும்பும் வரை ஸ்டேட்டஸ் போடுவதில்லை. இன்னொருவர் இருக்கும் படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. வீட்டுக்கு என்ன சொல்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பது.

இரண்டாம் நாள் பின்னேரம் நண்பனின் அம்மா வீடியோ அழைப்பெடுத்தார். அவன் பதறியடித்துச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கமராவைக் கடலின் பக்கம் திருப்பினான்.

“வடிவான கடல். நீ குளிக்கேல்லையோ தம்பி?”

“குளிச்சனான் அம்மா.”

“தனியவோ போனனீ?”

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “இல்லை அம்மா, இவரும் வந்திருக்கிறார்” என்று சொல்லிப் பக்கத்திலிருந்தவரைக் காட்டினான். நல்ல காலம், அவரும் துவாயைக் கழுத்துவரை இழுத்திருந்தார். “சாப்பிட்டனீங்களோ ரெண்டு பேரும்?” என்று அம்மா கேட்டார். அந்த அழைப்பு அதோடு முடிந்தது. அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இளஞ்சிவப்பு முக்கோணம்

சிட்ஜஸின் கடற்கரை நடைபாதையில் இளஞ்சிவப்பு முக்கோண நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. நாஸி முகாம்களில் ஒருபாலீர்ப்புள்ள ஆண்களுக்குக் குத்தப்பட்ட அடையாளம் அந்த முக்கோணம். 1996இல் உள்ளூர் பொலிஸார் கடற்கரையில் கூடிய ஒருபாலீர்ப்பாளர்களின் விவரங்களைப் பதிந்ததை எதிர்த்து, அந்த வருடம் ஒக்டோபர் 5இல் ஆர்ப்பாட்டம் நடந்தது. சரியாகப் பத்து வருடங்களின் பின், 2006இல் இந்தச் சின்னம் நிறுவப்பட்டது. பிராங்கோவின் காலத்தில் அல்ல, ஜனநாயகம் வந்து ஏறத்தாழ இருபது வருடங்களாகிய பிறகும் இதே ஊரில் அப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முந்திய கதை இன்னும் கசப்பானது. ஸ்பெயின் 1954இல் ‘அலைந்து திரிவோர்’ பற்றிய தன் சட்டத்தில் ஒருபாலீர்ப்பாளர்களையும் சேர்த்தது. 1970இல் ‘சமூக ஆபத்து’ச் சட்டம் வந்தது. 1979இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து அவர்கள் நீக்கப்பட்டார்கள். இலங்கை வாசகருக்கு இது பழகிய கதை. நம்மிடமும் அலைந்து திரிவோர் பற்றி 1841இல் காலனித்துவ ஆட்சி கொண்டுவந்த கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இருக்கின்றன. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் குற்றத்தை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன் பின்னரும் சட்டம் மாறவில்லை.

கடைசி நாள் மாலை அந்த முக்கோணத்தின் அருகே நடந்துகொண்டிருந்தோம். இருவரும் கை கோத்திருந்தார்கள். எதிரே தெற்காசிய முகம் கொண்ட ஒருவர் பழங்களும் குளிர்பானமும் விற்றுக்கொண்டு வந்தார். நண்பனின் கை தானாக விடுபட்டது. அந்த மனிதர் தமிழருமல்ல, எங்களைக் கவனிக்கவுமில்லை. சற்றுத் தூரம் போன பின் துணைவர்தான் மறுபடி கையைப் பிடித்தார்.

சட்டம் மாறி, ஊர் பழகி, யாரும் திரும்பிப் பார்க்காத இடத்திலும் உடம்பு பழைய பயத்தை இறக்கிவைக்க நாளெடுக்கிறது. ஆகவே இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு நாளில் ஓடிவரப் பார்க்காதீர்கள். நான்கு நாளாவது ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும்.

திரும்பும் ரயிலில் நண்பன் கேட்டான், “காரைநகர் கசூரினா கடற்கரையில இப்பிடி எப்ப நடக்கலாம்?”

அவனுடைய துணைவர் சிரித்தார். “உடுப்போடதான் நடப்பம், அது பிரச்சினையில்லை” என்றார்.

என்னிடம் பதிலிருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கொழும்பில் சட்டம் இயற்றுகிறவர்களிடம் கேட்கலாம். கேட்க வேண்டும்.