காலடியில் தங்கம்! கைக்கு வருமா?

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். அங்கே நூற்றுக்கு 80 பங்கு நிலம் மத்திய சர்க்காருடையது. அந்தப் புறம்போக்கில் தங்கம் கண்ட குடிமகன், எல்லைக்குறி நட்டுப் பதிவு செய்து உரிமை கொண்டாடலாம்! 1872-ல் வந்த சட்டம். இன்றும் அமுலில் இருக்கிறது. எடுக்கும் தங்கத்துக்கு மத்திய சர்க்காருக்கு ராயல்டிகூடக் கிடையாது.

அடேயப்பா, இவ்வளவு சுலபமா? அதுதான் இல்லை!

குறி நடுவது சில நாள் வேலை. சுரங்கம் தோண்ட அனுமதி வாங்குவதோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 5 ஏக்கருக்குள் சோதித்துப் பார்க்க மட்டும் 15 நாள் முன்னதாக நோட்டீசு கொடுத்தால் போதும். சுரங்கம் என்றால் முழுத் திட்டமும் எழுதித் தரவேண்டும். தண்ணீர், பறவை, பழங்குடியினரின் புனித இடம் என்று எல்லாவற்றையும் அதிகாரிகள் ஆராய்வார்கள். பிறகு, குழியை மூடி நிலத்தைச் சீராக்க ஆகும் செலவு முழுவதற்கும் ஜாமீன் கட்டவேண்டும்.

பெரிய கம்பெனிக்கு வக்கீல்கள் உண்டு, நிபுணர்கள் உண்டு. சின்னக் கம்பெனி என்ன செய்யும்? ஒரு அவுன்சு தங்கம் விற்குமுன்பே கைமுதல் கரைந்துவிடும். பாவம்தான்.

ஆனால் கொலராடோ மாநிலத்துச் சம்மிட்வில் கதையையும் கேளுங்கள். சயனைடு தெளித்துத் தங்கம் பிரித்த கம்பெனி அங்கே 1992-ல் திவால் ஆயிற்று. விஷநீர் அலமோசா ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்தன. கம்பெனி கட்டியிருந்த ஜாமீன் எந்த மூலைக்கு? துப்புரவுச் செலவு 15 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பெரும்பகுதி ஜனங்களின் வரிப்பணம்!