பின்னால் இருப்பவருக்கும் ஓர் இடம்

சித்திரை பிறந்து வீதியோரத்துப் பனி கரைந்து முடிந்ததும் புரோசார்ட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில் இப்போது எங்களுடையதும் சேர்ந்திருக்கிறது. நாங்கள் மூவர். ஒரே தொழிற்சாலையில் ஒரே நேரத்து வேலை. வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. கார் வாங்கும் அளவுக்குக் கையில் காசும் இல்லை. ஆகையினால் ஒருவர் பின் ஒருவராகப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம்.

மலிவு என்று எண்ணித்தான் வாங்கினோம். அது முழு உண்மையல்ல என்பதைப் புதிதாக வந்திருக்கும் எம்மவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கியூபெக்கில் விபத்தில் ஏற்படும் உடற்காயத்துக்கான காப்புறுதியை 1978ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. அதற்கான பணத்தை வாகனப் பதிவோடும் சாரதி அனுமதிப்பத்திரத்தோடும் சேர்த்து அறவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர் அதிகம் காயப்படுவதால் அவர்களிடம் அறவிடும் தொகையும் காரை விட அதிகம். பிறருக்கு ஏற்படும் பொருட்சேதத்துக்குத் தனியார் காப்புறுதியும் வேண்டும். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இதற்குப் பொருந்தாது. 6ஆம் வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அதற்குப் பாடசாலையில் பயிற்சி கட்டாயம். 125 சி.சி. வரை 6சி, 400 சி.சி. வரை 6பி, அதற்கு மேல் எதுவானாலும் 6ஏ. இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஆனால் இங்கே நாங்கள் எழுத வந்தது சீற்றைப் பற்றி. சீற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தாஷ்ரோ பெருவீதியில் ஒரு மாலை நடந்த சம்பவம் வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஊரில் நாங்கள் சீற்றைப் பெரிதாக நினைத்ததில்லை. எங்கள் அப்பாமார் ஓடியது ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 200 போன்றவை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சீற் கிழிந்தால் குஷன் கடைக்குப் போவது, ரெக்சின் மாற்றுவது, அவ்வளவுதான். பின்னால் சீற் இல்லையென்றால் கரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டால் அதுவும் சீற்தான். அம்மா சேலையோடு ஒரு பக்கமாக இருப்பார். தங்கச்சி பெற்றோல் தாங்கியில், தம்பி நடுவில். ஒரு குடும்பமே ஒரு வண்டியில் கோவிலுக்குப் போய்வந்தது. வீதி சிறிது, வேகம் குறைவு, எதிரே வருபவரும் தெரிந்தவர். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது.

இங்கே சட்டம் தெளிவானது. பின்னால் ஒருவரை ஏற்றுவதென்றால் வண்டியில் அவருக்கென்று நிலையாகப் பொருத்திய சீற் இருக்க வேண்டும். இரு பக்கமும் கால் வைக்கும் மிதிகள் இருக்க வேண்டும். ஏறியவர் ஹாண்டிலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது அவருடைய கால்கள் மிதியில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஹெல்மெற் கட்டாயம். ஆகவே ஒரு பக்கமாக இருந்து போவது முடியாது. பிள்ளையைத் தாங்கியில் வைப்பதும் முடியாது. பிள்ளையின் கால் மிதிக்கு எட்டாவிட்டால் பிள்ளை ஏறவே முடியாது.

எங்களில் ஒருவர் வாங்கிய பழைய ஹொண்டா ஷடோ 750இல் முன்பிருந்தவர் ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய மெல்லிய சீற் ஒன்றைப் பூட்டியிருந்தார். பார்க்க அழகு. ஆனால் நண்பரின் மனைவிக்கு மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அவரை ஏற்றிப் போக இரண்டு பேர் இருக்கும் சீற் தேவைப்பட்டது. விளம்பரத்தில் ஒன்று கிடைத்தது. “ஷடோ 750க்குரியது” என்று விற்றவர் சொன்னார். படமும் ஒத்திருந்தது. விலையும் குறைவு. ஒரு சனிக்கிழமை மூவருமாகச் சேர்ந்து பூட்டினோம்.

முன்பக்கத்து நாக்கு சரியாக உள்ளே போகவில்லை. நாக்கு என்று நாங்கள் சொல்வது சீற்றின் அடித்தகட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துண்டை. அது வண்டிச் சட்டத்திலுள்ள கொளுக்கியின் கீழே நுழைந்து நிற்க வேண்டும். எங்களுடையது கொளுக்கியின் மேலே ஏறி நின்றது. கையால் அமுக்கினோம், இறங்கியதுபோல் தெரிந்தது. பின்பக்கத்துப் போல்ற்றை இறுக்கினோம். ஏறி இருந்து பார்த்தோம், ஆடவில்லை. ஆடாமல் வைத்திருந்தது எங்கள் பாரம்தான் என்பது அப்போது விளங்கவில்லை.

திங்கட்கிழமை மாலை தாஷ்ரோவில் பச்சை விளக்கு விழுந்தது. நண்பர் இடது பக்கம் திருப்பினார். திருப்பும்போது அவர் சற்று எழும்ப, சீற்றின் முன்பக்கம் பிடிப்பில்லாமல் பின்போல்ற்றைச் சுற்றி ஒரு பக்கமாக விலகியது. பின்னால் இருந்தவர் வலது பக்கம் சரிந்துவிட்டார். நண்பரின் ஜக்கெற்றை இறுகப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் வந்த கார்காரர் நேரத்துக்கு நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. நடைபாதைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வந்த பிறகு அந்தச் சகோதரி சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

“என்னப்பா, ஊரில கரியரில இருந்து வந்தனான், ஒருநாளும் விழேல்லை. இஞ்ச குஷனில இருந்து விழப் பாத்தன்.”

நாங்கள் நாளெல்லாம் தொழிற்சாலையில் அளவு பார்த்துப் பூட்டுகிறவர்கள். அளவு தவறிய ஒரு துண்டை அங்கே ஒருபோதும் அடுத்தவரிடம் அனுப்ப மாட்டோம். வீட்டுக்காரியை ஏற்றும் வண்டியில் மட்டும் “காணும், இருக்கட்டும்” என்று விட்டிருக்கிறோம். அந்த வெட்கத்தினால்தான் இதை எழுதுகிறோம்.

பிழை எங்கே என்று பிறகு தேடினோம். ஷடோ 750 என்பது ஒரே வண்டியல்ல. ஏ.சி.ஈ., ஸ்பிரிற், ஏரோ என்று பல வண்டிகள் அந்தப் பெயரில் வந்திருக்கின்றன. ஏ.சி.ஈ. 2003ஆம் ஆண்டு மாதிரியோடு முடிய, ஏரோ 2004ஆம் ஆண்டு மாதிரியாக வந்தது. பெயரும் இயந்திர அளவும் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் சீற் மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே சீற் வாங்குமுன் பதிவுப் பத்திரத்தை எடுத்து வண்டியின் அடையாள இலக்கத்தைப் பாருங்கள். ஊரில் சேசிஸ் நம்பர் என்போமே, அதுதான். மொத்தம் 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும். 10ஆவது இடத்தில் இருப்பது மாதிரி ஆண்டைக் குறிக்கும். 3 என்றிருந்தால் 2003, 4 என்றிருந்தால் 2004. வண்டியின் முழுப்பெயரும் ஆண்டும் தெரியாமல் சீற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடையில் கேட்கும்போது இன்னொரு சிக்கல். பிரெஞ்சில் கார் இருக்கைக்கு ‘சியேஜ்’ என்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு ‘செல்’ என்று கேட்க வேண்டும். குதிரையின் சேணத்துக்கும் அதே சொல்தான்.

புதுச் சீற் வாங்க விரும்புவோருக்கு அமெரிக்காவில் கோர்பின், மஸ்ராங், சாடில்மென் போன்ற கொம்பனிகள் ஒவ்வொரு வண்டிக்கும் ஆண்டுக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. நல்ல பொருள். ஆனால் விலை பல நூறு டொலர். அமெரிக்க டொலர்க் கணக்கு, அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

எங்களுக்குப் பிடித்த வழி வேறு. வண்டியோடு வந்த பழைய சீற்றின் அடித்தகடு கையில் இருந்தால் அதை எறியாதீர்கள். அந்தத் தகடு உங்கள் வண்டிக்கென்றே செய்தது, நாக்கும் துவாரமும் சரியான இடத்தில் இருக்கும். அதைக் குஷன் வேலை செய்பவரிடம் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் பஞ்சையும் மேலுறையையும் மாற்றித் தருவார். இங்கே அவரை ‘ராம்பூரர்’ என்பார்கள். கதிரை, கார், படகு எல்லாவற்றின் இருக்கையும் செய்பவர்கள் இவர்கள். எங்கள் ஊர்க் குஷன் கடைக்காரரின் உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் கடைசியில் தன் வண்டிக்குரிய பழைய இரட்டைச் சீற் ஒன்றைத் தேடி வாங்கி இப்படித்தான் செய்வித்தார். உறை கிழிந்திருந்ததால் மலிவாகக் கிடைத்தது.

பஞ்சு மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். மெத்தென்ற பஞ்சு அரை மணித்தியாலத்தில் அமுங்கி, தகடு எலும்பில் முட்டும். சற்று இறுக்கமான பஞ்சே நீண்ட தூரத்துக்கு நல்லது. உயரத்தையும் பாருங்கள். பஞ்சு கூடினால் சீற் உயரும், நிற்கும்போது கால் நிலத்தில் ஊன்றாது. கட்டையானவர்கள் சீற்றின் முன்பக்கத்தை ஒடுக்கமாக வெட்டுவித்தால் தகட்டைத் தொடாமலே கால் கீழே எட்டும்.

இனிப் பூட்டும் முறை.

முதலில் வண்டியைச் சமமான நிலத்தில் நிறுத்துங்கள். பல வண்டிகளில் பற்றரி சீற்றின் கீழேதான் இருக்கும். இரும்புத் தகடு பற்றரியின் நேர் முனையில் முட்டினால் நெருப்புப் பறக்கும். ஆகவே நேர் முனையில் றப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பற்றரியைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் எதிர் முனை, பிறகு நேர் முனை. பூட்டும்போது இதற்கு எதிர்மாறு. வயர்கள் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் நசிபடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, தகட்டின் கீழே இருக்கும் றப்பர்க் கட்டைகளைப் பாருங்கள். பாரத்தைத் தாங்குவது அவைதான். ஒன்று குறைந்தாலும் பாரம் போல்ற்றில் விழும், தகடும் வெடிக்கும்.

பிறகு நாக்கு. சீற்றை முன்னோக்கித் தள்ளி, நாக்கு கொளுக்கியின் கீழே நுழைவதை விளக்கு அடித்துக் கண்ணால் பாருங்கள். கண்ணால் காணாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். போல்ற்றுகளை முதலில் கையால் திருகுங்கள். கையால் போகாவிட்டால் சீற் தன் இடத்தில் இல்லை என்பதே பொருள். துவாரத்தைப் பெருப்பிக்க வேண்டாம், நாக்கை நெளிக்கவும் வேண்டாம். பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் போல்ற்றுகளே இருக்கும். வண்டிக் கைந்நூல் வேறு அளவு சொல்லாவிட்டால் 10 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும். தொழிற்சாலைப் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பூட்டி முடிந்ததும் ஏறி இருந்து பார்ப்பது சோதனையல்ல. எங்களை ஏமாற்றியது அதுதான். யாரும் ஏறாமல், சீற்றின் முன்பக்கத்தை இரு கையாலும் மேலே இழுங்கள். பின்பக்கத்தையும் இழுங்கள். இடமும் வலமும் தள்ளுங்கள். அசையக் கூடாது. பிறகு இருவர் ஏறி இருக்க, மூன்றாமவர் பின்ரயர் தகட்டில் முட்டுகிறதா என்று குனிந்து பார்க்கட்டும். வீட்டுக்குப் பக்கத்து வீதிகளில் ஒருமுறை தனியாக ஓடிவந்து போல்ற்றை மறுபடி பாருங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

பனிக்காலத்தில் வண்டியை மூடி வைக்கும்போது சீற்றைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குளிரில் உறை விறைத்து வெடிக்கும். தையலால் இறங்கிய தண்ணீர் பஞ்சுக்குள் உறைந்துவிடும். பற்றரியும் உள்ளே வரட்டும்.

நண்பரின் மனைவி மறுபடி ஏற மூன்று கிழமை சென்றது. ஏறுமுன் தானே சீற்றின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இப்போது ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்கிறார். காற்சட்டை, சப்பாத்து, ஹெல்மெற்றோடு இரு காலையும் மிதியில் வைத்து முன்னோக்கி இருந்து வகுப்புக்குப் போய்வருகிறார். ஆரம்பத்தில் சனம் என்ன சொல்லும் என்று கூச்சப்பட்டவர்தான்.

அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் ஏற ஆசை. வண்டி நிற்கும்போது தகப்பன் அவளைச் சீற்றில் தூக்கி வைப்பார். அவள் காலை நீட்டி மிதியைத் தேடுவாள். இன்னும் ஒரு சாண் குறைகிறது. “அப்பா, ஊரில நீங்கள் சின்னனில ஏறினனீங்கள்தானே?” என்று கேட்கிறாள். ஏறினோம்தான். தாங்கியில் இருந்து காற்றைக் குடித்துக்கொண்டு போனோம்தான். அதற்காக அவளை ஏற்ற முடியாது. கால் எட்டும்வரை அவளுக்குப் பஸ்தான் என்று தகப்பன் சொல்லிவிட்டார். நாங்களும் அதையே சொல்கிறோம்.