வசந்தம் வருமுன் ஒரு சோதனை

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஹேங் கிளைடர் ஓட்டுபவர்களுக்குக் குளிர்காலம் கணக்குப் பார்க்கும் காலம். போன பருவத்தில் எங்கே உயரம் கிடைத்தது, எங்கே தடுமாறினோம், சிறகில் எது தேய்ந்தது என்று பார்த்து முடித்த பிறகுதான் மறுபடி மலையேறுவார்கள்.

இந்தச் சிறகுக்கு எஞ்சின் கிடையாது. அலுமினியக் குழாய்கள், எஃகுக் கம்பிகள், பாலியெஸ்டர் துணி, அவ்வளவுதான். எடை 30 கிலோவை ஒட்டி இருக்கும். மடித்துக் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போகலாம். வளைந்து கொடுக்கும் துணிச்சிறகை 1948இல் உருவாக்கியவர்கள் அமெரிக்கத் தம்பதியான பிரான்சிஸ் ரொகாலோ, கெர்ட்ரூட் ரொகாலோ. அத்தகைய சிறகுக்குக் கீழே முக்கோணச் சட்டம் வைத்து, உடல் எடையாலேயே ஓட்டும்படி 1963இல் செய்து காட்டினார் ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கன்சன். சிறகில் தொங்கும் விமானி சட்டத்தைத் தன் பக்கம் இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும். உடம்பை எந்தப் பக்கம் நகர்த்துகிறாரோ அந்தப் பக்கம் சிறகு திரும்பும்.

அசையாத காற்றில் ஹேங் கிளைடர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உயரம் வேண்டுமானால், சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றான தெர்மலைத் தேடிப் பிடித்து அதற்குள் சுற்ற வேண்டும். இப்படித் தெர்மல் விட்டுத் தெர்மல் தாவித்தான் 2012இல் டெக்சாஸின் ஸப்பாட்டாவிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்தார்.

குளிர்காலச் சோதனையில் முதலில் பார்ப்பது பக்கவாட்டுக் கம்பிகளை. பறக்கும்போது சிறகு மேல்நோக்கி மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை இவைதான். ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் முனை வளையத்தை ஒட்டிக் கம்பி சற்றே மடங்கும். அந்த இடத்தைத் துணியால் துடைப்பார்கள். அறுந்த இழை ஒன்றிருந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் கம்பியை மாற்ற வேண்டியதுதான். அடுத்தது வெயிலில் வலுவிழக்கும் சிறகுத்துணி. பிறகு அவசரப் பாராசூட்: நெடுநாள் திறக்காத அதன் பையின் வெல்க்ரோ இறுகிவிடும் என்பதால், விமானியைத் தாங்கும் வார்க்கட்டான ஹார்னெஸில் கூடத்திலேயே தொங்கியபடி பாராசூட்டை இழுத்து வீசிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள்.

ஜிபிஎஸ் கருவியில் பதிவான தடங்களும் இந்த நாட்களில் கைகொடுக்கும். காலையில் கிழக்குச் சரிவு, பிற்பகலில் மேற்குச் சரிவு என்று எந்தப் பாறை எந்த நேரத்தில் சூடேறித் தெர்மல் விட்டது என்பது அதில் தெரியும்.

கம்பியைப் பட்டறையில் மாற்றிவிடலாம், கைப்பழக்கத்தை அப்படி மாற்ற முடியாது. ஏப்ரலில் வெயில் ஏறிவிடும், உயரத்துக் காற்றோ குளிர் மாறாமல் இருக்கும். கீழுக்கும் மேலுக்கும் வெப்ப வித்தியாசம் கூடக்கூடத் தெர்மல் முரட்டுத்தனமாகக் கிளம்பும். ஆக, மாதக்கணக்கில் சும்மா இருந்த கைக்கு எடுத்த எடுப்பிலேயே ஆண்டின் முரட்டுக் காற்று வாய்க்கிறது. அனுபவசாலிகள் இதை அறிந்தே முதல் பறத்தலைச் சின்னக் குன்றில், காலையின் சாதுவான காற்றில் வைத்துக்கொள்கிறார்கள். தரையிறங்கும்போது சட்டத்தைச் சரியான கணத்தில் முழுக்கத் தள்ளிக் காலூன்றி நிற்கும் பழக்கம் திரும்பிய பிறகே நண்பகல் வானத்துக்குப் போகிறார்கள்.